‘ரிப்போர்ட் நார்மல்’... ஆனால் ஈரல்?

“டாக்டர், ரத்தத்துல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்க. ஆனா இவரு காலையிலேர்ந்து வாந்தி எடுத்துக்கிட்டே இருக்காரு...”

சில வருடங்களுக்கு முன், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. கணவரை என் வைத்தியசாலை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, லேப் கவரை மேஜை மேல் வைத்தார் அந்த அம்மா. கணவருக்கு நாற்பது வயதிருக்கும். கடைத்தெருவில் பாத்திரக்கடை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி கடைவாய்ப் பல்லில் வலி பிடித்து விடிய விடியத் தூக்கமில்லை. திங்கள் காலையில் பல் டாக்டரைப் பார்த்தாகிவிட்டது, வலியும் அடங்கிவிட்டது. ஆனால் மத்தியானத்திலிருந்து குமட்டல். ‘காமாலையா இருக்குமோ?’ என்று பயந்து, சாயங்காலம் தாங்களாகவே லேபுக்குப் போய் ரத்தம் கொடுத்திருக்கிறார்கள்.

கவரைப் பிரித்தேன். பிலிரூபின் 0.8. எஸ்.ஜி.பி.டி. 36. எல்லாம் அளவுக்குள்.

நாடி பார்த்தேன். பித்தம் தூக்கலாக இருந்தது. நாக்கில் மாவு படிந்திருந்தது. கண்ணில் மஞ்சள் இல்லை. “ராத்திரி கண்விழிப்பு, வெறும் வயிறு... பித்தம் ஏறியிருக்கும்மா. ரெண்டு நாள்ல சரியாயிடும்” என்று சொல்லி, ஏலாதி சூரணம் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

அன்று சாயங்காலம் போன் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறதாம். எழுந்து நிற்க முடியவில்லையாம். எனக்குச் சுருக்கென்றது. காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன்.

“ஞாயித்துக்கிழமை ராத்திரி பல்வலிக்கு என்னம்மா மாத்திரை போட்டாரு? எத்தனை போட்டாரு?”

அந்த அம்மாவுக்குத் தெரியவில்லை. குப்பைக் கூடையைக் கிளறச் சொன்னேன். மூன்று அட்டைகள் கிடைத்தன. ஒன்று, வீட்டில் எப்போதும் இருக்கும் 650 காய்ச்சல் மாத்திரை. இரண்டாவது, மாமியார் மூட்டுவலிக்கு வாங்கி வைத்திருந்த வலி மாத்திரை. மூன்றாவது ஜலதோஷ மாத்திரை. ‘இதைப் போட்டா தூக்கமாவது வரும்’ என்று போட்டிருக்கிறார். மணிக்கொரு தரம், எது கையில் கிடைத்ததோ அது. மூன்று அட்டைகளிலும் பொடி எழுத்தில் ஒரே பெயர் அச்சாகியிருந்தது. பாராசிட்டமால்!

நானும் கூடவே அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே எடுத்த ரத்தத்தில் எஸ்.ஜி.பி.டி. 3,100. முதல் நாள் 36! ரத்தம் உறைவதைக் காட்டும் ஐ.என்.ஆர். ஒன்றை ஒட்டி இருக்க வேண்டியது, 2.4 இருந்தது. நல்லவேளையாக டியூட்டியில் இருந்த இளம் டாக்டர், அட்டைகளைப் பார்த்ததுமே ரிசல்ட்டுக்குக் காத்திராமல் மாற்று மருந்தை டிரிப்ஸில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். பதினோரு நாள் கழித்து மனிதர் நடந்து வீடு திரும்பினார்.

அப்படியானால் லேப் ரிப்போர்ட் பொய்யா? இல்லை. திங்கள் சாயங்காலம் 36 என்பது சத்தியமான உண்மை. அதை ‘ஈரலுக்கு ஒன்றுமில்லை’ என்று படித்தது நான் செய்த தப்பு. படித்த எனக்கே இப்படி என்றால், லேபிலிருந்து கவரை வாங்கிக்கொண்டு நேராக வீட்டுக்குப் போய்விடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

பந்தியும் எச்சில் இலையும்

சித்த வைத்தியன் ஆங்கில மருந்தைத் திட்டப் போகிறான் என்று எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்! பாராசிட்டமால் நல்ல மருந்து. 1878இல் அமெரிக்காவில் ஹார்மன் மோர்ஸ் என்ற வேதியியலாளர் முதலில் தயாரித்தார். ஆனால் 1955இல் அமெரிக்காவிலும் 1956இல் பிரிட்டனிலும்தான் கடைக்கு வந்தது. ஆஸ்பிரின் மாதிரி வயிற்றைப் புண்ணாக்காது. காய்ச்சலைக் குறைக்கும். வலியைத் தணிக்கும். கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் டாக்டர்கள் தைரியமாக எழுதுவது இதைத்தான். எல்லாம் சொன்ன அளவில் சாப்பிடும் வரைக்கும்.

அளவு மீறினால் ஈரலுக்குள் என்ன நடக்கிறது? ஒரு கல்யாண வீட்டுப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள்.

நாம் விழுங்கும் பாராசிட்டமாலில் பெரும்பகுதியை ஈரல் இரண்டு வழிகளில் பக்குவமாக மாற்றி, சிறுநீரோடு அனுப்பிவிடுகிறது. நூற்றில் ஐந்து பத்து பங்கு மட்டும் வேறு வழியில் போய் ‘நாப்கி’ என்று சுருக்கமாகச் சொல்லும் ஒரு நச்சுப் பொருளாக மாறுகிறது. இதுதான் எச்சில் இலை. இந்த இலையை உடனுக்குடன் எடுத்துப் போட ஈரலில் ஆள் இருக்கிறது. அதன் பெயர் குளுட்டாதயோன். சாதாரண நாளில் இலை விழ விழ எடுத்துவிடும். பந்தி சுத்தமாக இருக்கும்.

நூறு பேருக்குச் சமைத்த வீட்டில் ஐந்நூறு பேர் வந்து உட்கார்ந்தால்? முதல் இரண்டு வழிகளும் நெரிசலில் திணற, மருந்தில் அதிகப் பங்கு மூன்றாவது வழியில் போகிறது. இலை குவிகிறது. இலை எடுக்கிற ஆட்களோ ஒவ்வொருவராகக் களைத்துப் போகிறார்கள். குளுட்டாதயோன் தீர்ந்துபோனதும், ‘நாப்கி’ ஈரல் அணுக்களின் சொந்தப் புரதங்களையே பிடித்து ஒட்டிக்கொள்கிறது. அணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா முதலில் அடிபடுகிறது. பிறகு அணுவே சாகிறது.

குடிப்பவர்கள், நாலைந்து நாள் சரியாகச் சாப்பிடாமல் காய்ச்சலில் கிடப்பவர்கள், மெலிந்தவர்கள் ஆகியோரிடம் குளுட்டாதயோன் கையிருப்பே குறைவு. ஐஸோனியாசிட் என்ற டி.பி. மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் ஆபத்து கூடலாம். அடுத்த வீட்டுக்காரருக்கு ஒன்றும் செய்யாத அளவு இவர்களைப் படுக்க வைத்துவிடும்.

முதல் நாள் ஏன் ஒன்றும் தெரிவதில்லை?

பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு எண்வகைத் தேர்வு சொல்லிக் கொடுத்தார்கள். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நோயாளியின் சிறுநீரில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, அது பரவுகிற விதத்தைப் பார்த்து நோயைக் கணிக்கிற நெய்க்குறியும் இதில் அடக்கம். இவற்றின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். அளவு மீறிய பாராசிட்டமாலில் முதல் நாள் இந்த எட்டும் ஊமை. நோயாளி எழுந்து உட்கார்ந்து காபி கேட்பார், பேப்பர் படிப்பார். கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் அசதி, அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் இருக்காது.

இரண்டாவது நாள் வாந்தி அடங்கி, ‘தேவலை’ என்றுகூடச் சொல்வார். அந்த நேரத்தில்தான் வலது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பிக்கும். கண் மஞ்சளாவது, புத்தி தடுமாறுவது, ரத்தம் கசிவதெல்லாம் பெரும்பாலும் மூன்றாவது, நான்காவது நாளில். நம் வீடுகளில் ஈரல் நோய் என்றாலே கண்ணைத்தான் பார்க்கிறோம். இந்த விஷத்தில் கண் மஞ்சளாகும்போது பாதிக் கதை முடிந்திருக்கும்.

சரி, எஸ்.ஜி.பி.டி. ஏன் காட்டவில்லை? அது ஈரல் அணுவுக்குள்ளே இருந்து வேலை செய்யும் ஒரு என்ஸைம். வீட்டுக்குள் இருக்க வேண்டிய அண்டாவும் குண்டாவும் தெருவில் உருண்டால் சுவர் விழுந்துவிட்டது என்று அர்த்தம் அல்லவா? அதேபோல் அணுவின் சுவர் உடைந்த பிறகுதான் இந்த என்ஸைம் ரத்தத்தில் அதிகமாகத் தென்படும். சுவருக்குள் கறையான் அரிக்கும்போது தெருவில் ஒன்றும் தெரியாது. மிகக் கடுமையான விஷத்தில் எட்டு, பன்னிரண்டு மணி நேரத்திலேயே ஏறலாம். பலருக்கு இருபத்துநாலு மணி நேரம் கடந்த பிறகுதான் ஏறும். உச்சத்தைத் தொடுவது மூன்று, நான்கு நாட்களில். அப்போது ஆயிரக்கணக்கில் போகும். பத்தாயிரத்தைத் தாண்டுவதும் உண்டு.

இன்னொரு விசித்திரம். எஸ்.ஜி.பி.டி. இறங்கினால் ‘ஆஹா, குணமாகிறது’ என்று சந்தோஷப்படுகிறோம். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் ஐ.என்.ஆர். ஏறிக்கொண்டே போக, எஸ்.ஜி.பி.டி. மட்டும் மளமளவென்று இறங்கினால் டாக்டர் முகம் இருண்டுவிடும். கொட்டுவதற்கு வீட்டில் பாத்திரமே மிச்சமில்லை என்று அதற்கு அர்த்தமாக இருக்கலாம்!

எந்தச் சோதனை, எப்போது?

முதலில் பார்க்க வேண்டியது ஈரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அல்ல. ரத்தத்தில் பாராசிட்டமால் எவ்வளவு இருக்கிறது என்பதை. மாத்திரை விழுங்கி நான்கு மணி நேரம் ஆனதும் இந்த அளவை எடுக்க வேண்டும். அதற்கு முன் எடுத்தால் மருந்து முழுவதும் ரத்தத்தில் சேர்ந்திருக்காது, கணக்கு தப்பும். 1975இல் அமெரிக்காவின் பாரி ரூமக்கும் ஸ்காட்லாந்தின் ஹென்றி மேத்யூவும் ஒரு வரைபடம் போட்டார்கள். விழுங்கி எத்தனை மணி நேரம், ரத்தத்தில் எவ்வளவு மருந்து... இரண்டும் சந்திக்கும் புள்ளி கோட்டுக்கு மேலே இருந்தால் மாற்று மருந்து. கீழே இருந்தால் வேண்டாம். நான்காவது மணியில் ஒரு மில்லி லிட்டருக்கு 200 மைக்ரோகிராம் என்று தொடங்கிய கோட்டை, ஜாக்கிரதைக்காக அமெரிக்காவில் 150க்கும், பிரிட்டனில் 2012இல் 100க்கும் இறக்கிவிட்டார்கள். இன்றும் உலகமெங்கும் டாக்டர்கள் நம்புவது இந்தக் கோட்டைத்தான்.

ஆனால் இந்தக் கோட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. ஒரே தடவையாக, இன்ன நேரத்தில் விழுங்கினார் என்று தெரிந்தால்தான் அது உதவும். நம் பாத்திரக்கடைக்காரர் மாதிரி ராத்திரி முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டவருக்கும், நேரமே தெரியாமல் வந்து சேருகிறவருக்கும் கோடு கைகொடுக்காது. போதாததற்கு, பாராசிட்டமால் அளவை எல்லா லேபிலும் எடுப்பதில்லை. அதனால்தான் அந்த இளம் டாக்டர் அட்டையைப் பார்த்தே சிகிச்சையை ஆரம்பித்தார்.

அடுத்து ஐ.என்.ஆர். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களை ஈரல்தான் தினமும் தயாரிக்கிறது. அவற்றில் ஒன்றுக்குச் சில மணி நேரம்தான் ஆயுசு. ஈரல் வேலைநிறுத்தம் செய்தால் அது சீக்கிரமே தீர்ந்துபோகும், ஐ.என்.ஆர். ஏறும். ‘எத்தனை அணு செத்தது?’ என்று சொல்வது எஸ்.ஜி.பி.டி. ‘மிச்சமிருப்பது வேலை செய்கிறதா?’ என்று சொல்வது ஐ.என்.ஆர். இரண்டையும் ஒரு தடவை எடுத்தால் போதாது, திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். கூடவே சிறுநீரகத்துக்காக கிரியேட்டினின், ரத்தத்தின் அமிலத்தன்மை, சர்க்கரை. ஈரல் மாற்று அறுவைசிகிச்சை வரை போக வேண்டியவர் யார் என்று தீர்மானிக்க, 1989இல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் வகுத்த விதிகளிலும் அமிலத்தன்மை, உறைவு, கிரியேட்டினின், சுயநினைவு ஆகியவைதான் இருக்கின்றன. எஸ்.ஜி.பி.டி. அதில் இல்லை!

எடின்பரோ டாக்டர்களின் முட்டைநாற்ற மருந்து

இந்த விஷயத்தில் உலகத்துக்குப் பாடம் சொன்ன ஊர்களில் எடின்பரோ முக்கியமானது. அளவு மீறிய பாராசிட்டமால் மனிதரின் ஈரலைக் கருக்கும் என்ற முதல் அறிக்கை 1966இல் ஸ்காட்லாந்திலிருந்துதான் வந்தது. டேவிட்சன், ஈஸ்ட்ஹாம் என்ற இரு டாக்டர்கள் எழுதினார்கள். அதற்குள் பிரிட்டனில் மாத்திரை பத்து வருடமாகக் கடைகளில் விற்றுக்கொண்டிருந்தது.

1973இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் குளுட்டாதயோன் ரகசியத்தைக் கண்டுபிடித்ததும், ‘தீர்ந்துபோனதை வெளியிலிருந்து ஈடு கட்டினால் என்ன?’ என்ற கேள்வி பிறந்தது. எடின்பரோவில் லாரி பிரெஸ்காட் முதலில் சிஸ்டமைன் என்ற மருந்தை முயன்றார். ஈரல் பிழைத்தது, ஆனால் நோயாளிகள் வாந்தியில் துவண்டார்கள். பிறகு என்-அசிட்டைல் சிஸ்டைன் என்ற மருந்துக்கு வந்தார். அது அதுவரை நெஞ்சுச் சளியை இளக்கப் பயன்பட்ட மருந்து. அழுகிய முட்டை மாதிரி நாறும். 1977இலும் 1979இலும் அவர் வெளியிட்ட முடிவுகள்தான் இன்றைக்கும் சிகிச்சைக்கு அஸ்திவாரம். மாத்திரை விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் இதை ஏற்ற ஆரம்பித்தால் ஈரல் அநேகமாக முழுக்கத் தப்பித்துவிடும். நேரமாக ஆகப் பலன் குறையும். அதற்காகத் தாமதமாக வந்தவருக்கு வீண் என்று அர்த்தமில்லை. நம் கடைக்காரர் வந்தது இரண்டாவது நாள் ராத்திரிதானே!

இப்போது பாருங்கள் சங்கடத்தை. மருந்து நன்றாக வேலை செய்வது முதல் எட்டு மணி நேரத்தில். எஸ்.ஜி.பி.டி. வாய் திறப்பதோ பலருக்கு மறுநாள். நடுவே இருக்கிற இந்தப் பள்ளத்தில் விழுகிறவர்கள்தான் சாகிறார்கள்.

முந்திச் சொல்லும் சாட்சிகள்

இந்தப் பள்ளத்தை மூட, எடின்பரோவின் ஜேம்ஸ் டியர், லிவர்பூலின் டேனியல் அன்டாயின், கெவின் பார்க் ஆகியோர் சேர்ந்து பல வருடங்கள் உழைத்திருக்கிறார்கள். எனக்கு இந்த ஆராய்ச்சி ரொம்பப் பிடிக்கும். சுவர் முழுக்க விழும்வரை காத்திராமல், சுவரில் விரிசல் விடும்போதே ரத்தத்தில் என்ன கசிகிறது என்று தேடினார்கள்.

முதல் சாட்சி ‘மைக்ரோ ஆர்.என்.ஏ. 122’. அணுவுக்குள் எந்தப் புரதத்தை எவ்வளவு தயாரிப்பது என்று கட்டுப்படுத்தும் மிகச் சிறிய துணுக்கு இது. உடம்பில் இப்படிப் பல நூறு துணுக்குகள் உண்டு என்றாலும், 122ஆம் நம்பர் பெரும்பாலும் ஈரலுக்கே சொந்தம். எஸ்.ஜி.பி.டி. தசையிலிருந்தும் கொஞ்சம் வரும், இது அப்படியில்லை. 2009இல் எலிகளில் சோதித்தபோது, எஸ்.ஜி.பி.டி. ஏறுவதற்கு முன்பே இது ரத்தத்தில் ஏறியது. 2011இல் மனிதர்களிடமும் நிரூபணமானது.

இரண்டாவது, கெரட்டின்-18. இது அணுவின் உத்திரக்கட்டை. முழுசாக வெளியே வந்தால் அணு வெடித்துச் செத்திருக்கிறது என்று அர்த்தம். துண்டு துண்டாக நறுக்கப்பட்டு வந்தால் அணு ஒழுங்காகத் தன்னைத்தானே முடித்துக்கொண்டது என்று அர்த்தம். செத்த விதத்தையும் சேர்த்துச் சொல்கிற சாட்சி! மூன்றாவது ‘எச்.எம்.ஜி.பி.-1’. அணுவின் நடுவிலுள்ள பெட்டகத்தில் பூட்டியிருக்க வேண்டிய புரதம் இது.

2013இல் வெளியான ஆய்வில் 129 நோயாளிகள் ஆஸ்பத்திரிக்கு வந்ததும் எடுத்த முதல் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். எஸ்.ஜி.பி.டி. நார்மலாக இருந்தவர்களிலும், விழுங்கி எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களிலும், பின்னால் யாருடைய ஈரல் கெடப் போகிறது என்பதை இந்த மூன்றும் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தன. 2018இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் மறுபடி சோதித்தபோதும் எஸ்.ஜி.பி.டி.யைவிட இவையே நன்றாகக் கணித்தன.

அமெரிக்காவில் ஆர்கன்சா ஆய்வாளர்கள் வேறு பாதையில் போனார்கள். ‘நாப்கி’ ஒட்டிக்கொண்ட புரதத்தையே ரத்தத்தில் தேடினார்கள். எஸ்.ஜி.பி.டி. ஏறியதற்குக் காரணம் மஞ்சள் காமாலைக் கிருமியா, மாத்திரையா என்ற குழப்பத்தை இது தீர்த்துவைக்கும்.

“டாக்டர், இந்த டெஸ்ட் எல்லாம் நம்ம ஊர் லேப்ல எவ்வளவு ஆகும்?” என்று கேட்டுவிடாதீர்கள். இவை இன்னும் ஆராய்ச்சிக்கூடத்தை விட்டு நம் தெரு லேபுக்கு வந்து சேரவில்லை. பிறகு எதற்கு இவ்வளவு விவரம்? நீங்கள் கையில் வைத்திருக்கும் ‘நார்மல்’ ரிப்போர்ட்டுக்குப் பின்னால் ஈரல் வெந்துகொண்டிருக்கலாம் என்பதை இந்த ஆராய்ச்சி கண்ணால் காட்டிவிட்டது. அந்தச் சாட்சிகள் நம் ஊருக்கு வரும்வரை, அவற்றின் இடத்தில் இருப்பது உங்கள் வாய்வார்த்தையும் காலி அட்டையும்தான்.

கீழாநெல்லி கொடுக்கலாமா?

இந்தக் கேள்வி என்னிடம் வராமல் இருக்காது. கீழாநெல்லியின் பெருமை எனக்குத் தெரியும். 1988இல் சென்னை ஆராய்ச்சியாளர் எஸ்.பி. தியாகராஜன், நோபல் பரிசு பெற்ற பிளம்பெர்க்குடன் சேர்ந்து, ஹெபடைட்டிஸ்-பி கிருமியுள்ளவர்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு உலகப் புகழ்பெற்ற ‘லான்செட்’ பத்திரிகையில் வந்தது.

பாராசிட்டமாலுக்கு எதிராகவும் கீழாநெல்லியை எலிகளில் பலர் சோதித்திருக்கிறார்கள். எலியின் ஈரல் கொஞ்சம் தப்பித்திருக்கிறது. ஆனால் அந்தச் சோதனைகளை வாசித்துப் பாருங்கள். பலவற்றில் எலிக்கு நாலைந்து நாள் முன்பிருந்தே மூலிகையைக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் விஷத்தைக் கொடுக்கிறார்கள். மனிதர் யாரும் ஒரு வாரம் கீழாநெல்லி குடித்துவிட்டு மாத்திரையை அதிகமாக விழுங்குவதில்லை! ஆகவே சித்த வைத்தியனாகவே சொல்கிறேன். இந்த விஷயத்தில் கீழாநெல்லியை அரைக்க அம்மியைக் கழுவுகிற நேரமும் வீண். என்னைப் போன்றவர்களிடம் வராதீர்கள். நேரே ஆஸ்பத்திரி, இல்லையேல் 108.

வீட்டில் உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், புளிக்கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். உப்பு அதிகமானால் அதுவே ஆளைக் கொல்லும். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. எந்த மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு என்ற மூன்றையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, காலி அட்டைகளோடு எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டருக்கு உங்கள் ஊர் லேபின் எந்த ரிப்போர்ட்டையும்விட அது உதவும்.

சில வீடுகளில் வேறு விதமாக நடக்கும். கோபத்திலோ மனக்கஷ்டத்திலோ பிள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டு, காலையில் நன்றாக எழுந்து நடமாடும். ‘ஒண்ணும் ஆகலையே, வெளியில தெரிஞ்சா அசிங்கம், போலீஸ் கேஸ் ஆயிடும்’ என்று குடும்பமே மூடி மறைக்கும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். 2017ஆம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம், இப்படிச் செய்தவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவர் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. பிள்ளையைத் திட்டாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பேச ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற இலவச எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம்.

அட்டையின் பொடி எழுத்து

தெரியாமல் அளவு மீறுவது ஏதோ அபூர்வம் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2005இல் வெளியான பெரிய ஆய்வில், பாராசிட்டமாலால் ஈரல் செயலிழந்து வந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேர், வலிக்காகத் தெரியாமல் அதிகம் சாப்பிட்டவர்கள். கூட்டு மாத்திரைகள்தான் இதில் பெரிய வில்லன். மூட்டுவலி மாத்திரையில் அசிக்ளோஃபினாக் என்று பெரிய எழுத்தில் இருக்கும். பக்கத்திலேயே பாராசிட்டமால் ஒளிந்திருக்கும். ஜலதோஷ மாத்திரையிலும் இருக்கும். 2011இல் அமெரிக்க அரசு, டாக்டர் சீட்டில் எழுதும் கூட்டு மாத்திரைகளில் பாராசிட்டமால் 325 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியது. பிரிட்டனில் 1998 முதல் சாதாரணக் கடையில் ஒரு பாக்கெட்டுக்கு 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32. அதற்குப் பிறகு அங்கே இந்தச் சாவுகள் குறைந்தன.

ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரு நாளில், எல்லா அட்டைகளையும் சேர்த்து, 4 கிராம்தான் உச்ச வரம்பு. அதாவது 500 மாத்திரை எட்டு அல்லது 650 மாத்திரை ஆறு. ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது நாலு மணி நேர இடைவெளி. இது உச்ச வரம்பு, தினசரி இலக்கு அல்ல! நல்ல ஆரோக்கியமுள்ளவர்களுக்குத் தினம் 4 கிராம் வீதம் பதினான்கு நாள் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2006இல் வந்தது. மூன்றில் ஒருவருக்கு அல்லது அதற்கும் மேல், எஸ்.ஜி.பி.டி. நார்மல் வரம்பைப் போல் மூன்று மடங்கைத் தாண்டியது. யாருக்கும் நோய் வரவில்லை என்பது உண்மைதான். ஆனாலும் ஈரல் முனகியிருக்கிறது. குடிப்பவர்களும் ஈரல் நோயுள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் மருந்து பாட்டிலை இன்னொரு தடவை பாருங்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம் உண்டு, 250 உண்டு. சொட்டு மருந்து என்றால் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்புக்குப் பழகிய கையால் சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றினால் என்னவாகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைக்கு வயதைவிட எடைதான் கணக்கு. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். சமையலறை ஸ்பூன் வேண்டாம், பாட்டிலோடு வரும் மூடியிலோ பில்லரிலோ அளந்து கொடுங்கள். அம்மா ஒரு தடவை, பாட்டி ஒரு தடவை என்று ஒரே வேளைக்கு இரண்டு தரம் கொடுத்துவிட்டு ஓடி வருகிறவர்களை நான் வருஷத்துக்கு இரண்டு மூன்று பேராவது பார்க்கிறேன். கொடுத்த நேரத்தைக் காலண்டரிலேயே எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் வராது.

“அப்போ டெங்கு காய்ச்சலுக்கு என்ன செய்யறது?” என்று போன வாரம் ஒரு அம்மா கேட்டார். பாராசிட்டமால்தான் கொடுக்க வேண்டும். ஆஸ்பிரினோ இபுபுரூஃபனோ அங்கே கூடாது, ரத்தக்கசிவு வரும். ஆனால் டெங்குவே ஈரலைத் தாக்கி எஸ்.ஜி.ஓ.டி.யை ஏற்றிவிடும். அந்த நேரத்தில் காய்ச்சல் இறங்கவில்லையே என்று இரண்டு மணிக்கொரு மாத்திரை போடக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிட்டு, நிறையக் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்து, அடுத்த வேளை வரும்வரை காத்திருங்கள். டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதோடு, மாத்திரை எத்தனை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.